நாலாவது கால்

தொலைபேசி அழைத்தபோது ஒட்டகம் கூடத்து மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நாற்காலி போட்டு ஏறாமல் மின்விசிறியைத் துடைக்கக்கூடிய ஆள் அந்த வீட்டில் அவன் ஒருவன்தான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு அந்தப் பெயர் வந்ததும் அந்த உயரத்தால்தான். ஒரு கையில் ஈரத்துணி, மறுகையில் போன். "ஆமாங்க... ஆமாங்க டாக்டர்... கண்டிப்பா வரேங்க" என்று அவன் சொல்லச் சொல்லக் குரல் படிப்படியாக ஏறிக்கொண்டே போனது. கடைசியில் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு கேக்கலாங்களா? அங்க குளிக்க இடம் இருக்குங்களா?" என்றான்.

மறுமுனையிலிருந்து ஏதோ பதில் வந்தது. ஒட்டகத்தின் வாயெல்லாம் பல்லாயிற்று.

மேசையில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்த தங்கை தலையை நிமிர்த்தினாள். "வேலை கேக்கறவன் சம்பளம் என்னன்னு கேப்பான், லீவு எத்தனைன்னு கேப்பான். குளிக்க இடம் இருக்கான்னு கேட்ட முதல் ஆள் நீதான்ணா."

"இருக்காம்! வெந்நீர் வருமாம்!"

"அப்ப அங்கேயே தங்கிடு. யார் கூப்பிட்டது?"

"மிருக ஆஸ்பத்திரி டாக்டரம்மா. நாளைக்கு ஒரு நாள் வந்து வேலை செஞ்சு காட்டணுமாம். பிடிச்சிருந்தா சேத்துக்குவாங்களாம்."

"ஒட்டகம் மிருக ஆஸ்பத்திரிக்குப் போகுதுன்னா, வேலைக்கா வைத்தியத்துக்கான்னு வாசல்லயே கேப்பாங்க. தெளிவா சொல்லிடு."

அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தான். நிலைப்படியில் தலை இடித்தது. தலையைத் தடவிக்கொண்டே சிரித்தான். அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை மாமாவின் சாமான் கிடங்கில் அவன் வேலைக்குச் சேர வேண்டும் என்பது ஏற்கெனவே பேசி முடித்த விஷயம். அதற்கு முன்னால் பிராணிகளோடு ஒரு வேலை கிடைத்தால் அதற்குப் போகலாம், கிடைக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு கிடங்குக்கு வர வேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார். நியாயமான மனிதர். நியாயமானவர்களிடம்தான் தப்பிக்க வழி இருப்பதில்லை.

ஒட்டகத்தின் கதையில் வினோதம் ஒன்று உண்டு. பிராணிகள் என்றால் உயிரை விடுகிற அவன் வாழ்நாளில் ஒரு பிராணியைக்கூட வளர்த்ததில்லை. அம்மாவுக்கு ஆஸ்துமா. ஒரு பூனை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டுப் போனால்கூட அன்று முழுக்க அவளுக்கு இழுக்கும். சின்ன வயதில் அவன் தெருவில் நாயைத் தொட்டுவிட்டால் பின்வாசல் குழாயடியில் நின்று கைகால் கழுவி, சட்டையை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவான். யாரும் அடித்துச் சொல்லிக் கொடுத்ததல்ல. அம்மா மூச்சுக்குத் திணறுவதை ஒரே ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தது போதும். நேசிக்கிற இரண்டு விஷயங்கள் ஒன்றுக்கொன்று ஆகாது என்று குழந்தைப் பருவத்திலேயே தெரிந்துகொண்டவர்கள் ஒன்று கசந்துபோவார்கள், இல்லையென்றால் கதவு ஜன்னல் பார்த்து நடந்துகொள்ளப் பழகுவார்கள். அவன் பழகிக்கொண்டான். அவ்வளவுதான், அதைத் தியாகம் என்று சொன்னால் அவனுக்கே சிரிப்பு வரும்.

படிப்பு முடித்ததும் ஒரு செருப்புக் கடையில் குழந்தைகள் பிரிவில் சேர்ந்தான். அவன் நிலையாகப் பார்த்த ஒரே வேலை அது. அவ்வளவு உயரமான ஆளைக் குழந்தைகள் பிரிவில் போட்டது முதலாளியின் குறும்பா, கவனக்குறைவா என்று தெரியாது. ஆனால் அந்த வேலையில் உயரத்துக்கு இடமே இல்லை. நாள் முழுக்கக் குட்டை முக்காலியிலோ தரையிலோ உட்கார்ந்து, உதைக்கிற பாதங்களுக்கு ஷூ மாட்ட வேண்டும். அவன் பொறுமைசாலி என்று கடையில் எல்லோரும் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. பேருந்து நிறுத்தத்தில் அவனைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவனுடைய பொறுமை பாதங்களுக்கு மட்டுமே உரியது. ஷூவை மாட்டிய பிறகு கட்டைவிரலால் முனையை அழுத்தி, உள்ளே விரலுக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பான். வருடக்கணக்கில் செய்து செய்து அந்தக் கட்டைவிரலுக்குத் தனி மூளையே முளைத்துவிட்டது. உறங்கும் பக்கத்து வீட்டுக் குழந்தையின் காலைக்கூட அழுத்திப் பார்க்கும்.

பிறகு மக்கள் குழந்தைகளின் காலைக் கடைக்குக் கொண்டு வராமல், வீட்டிலிருந்தபடியே போனில் ஷூ வாங்க ஆரம்பித்தார்கள். குழந்தைகள் பிரிவை மூடிவிட்டுக் கைப்பைகளை அடுக்கினார்கள். கைப்பைகளிடம் ஒட்டகத்துக்கு எந்த வேலையும் இல்லை.

வீட்டில் எல்லோரும் கவலைப்பட்டபோது அவன் மட்டும் பரபரவென்று இருந்தான். "இப்ப விட்டா எப்ப?" என்றான். பறவைக் கடை, குதிரை லாயம், விலங்குக் காட்சிசாலை, நாய்களைத் தங்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் என்று ஒன்று விடாமல் விண்ணப்பம் போட்டான். எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: அனுபவம் உண்டா? எந்தக் காரியத்துக்கும் முதல்நாள் என்று ஒன்று இருந்தே தீரும். அந்த முதல்நாள் தங்கள் இடத்தில் நடந்துவிடக் கூடாது என்பதுதான் வேலை கொடுப்பவர்கள் எல்லோருடைய ஆசையும். லாயக்காரர் கொஞ்சம் அன்பாகவே சொன்னார்: "குதிரைக்கு உங்களைப் பிடிக்கும் தம்பி. ஆனா வேற எங்கயாவது ஒரு வருஷம் உதை வாங்கிட்டு வாங்க."

ஒரே ஒரு இடத்தில் உள்ளே விட்டார்கள். நாய் பூனைகளைக் குளிப்பாட்டி, முடி திருத்தும் கடை அது. முதல் நாளே ஒரு வெள்ளைப் பூனையைக் கையில் கொடுத்து, "ரெண்டு நிமிஷம் பிடிச்சுக்கங்க" என்றாள் கடைக்காரி. எதிரே பூனையின் எஜமானி உட்கார்ந்திருந்தாள். ஒட்டகம் கைக்குழந்தையைப் போல அதைப் பிடித்துக்கொண்டான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அந்தக் கட்டைவிரல் அதன் வழக்கப்படி முன்னங்காலின் விரல் முனையை ஒரு அழுத்து அழுத்தும்வரை. உறையிலிருந்து கத்தி வருவதுபோல நகம் வெளியே வந்தது. ஒட்டகம் "அடேயப்பா!" என்று கத்தினான். அந்தக் கத்தலில் பூனை மிரண்டு பாய்ந்து எஜமானியின் கொண்டையில் ஏறியது. கொண்டை கழன்று பூனையோடு அலமாரிக்குப் பின்னால் போனது. அது வைத்துக் கட்டிய கொண்டை என்று அந்தத் தெருவில் அதுவரை யாருக்கும் தெரியாது.

அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டான். பின்வாசலில் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவன் முகத்தில் துக்கத்தின் சாயலே இல்லை. "அம்மா! பூனைக்கு நகம் உள்ள இருக்கும்மா! விரலை அழுத்தினா வெளிய வருது! இத்தனை நாளா எனக்குத் தெரியாது!"

"ஊருக்கே தெரியும்" என்றாள் தங்கை. "வேலை என்ன ஆச்சு?"

"அது போச்சு. ஆனா நகம்..." என்று கொண்டைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தான். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அம்மா சிரித்துச் சிரித்து இழுப்பு வந்து, மருந்துக் குப்பியைத் தேடினாள்.

மிருக ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பம் எழுதியது அதற்கடுத்த நாள். தங்கை ஏற்கெனவே ஒன்று எழுதி வைத்திருந்தாள். 'பல்வகை உயிரினங்களைக் கையாள்வதில் நீண்ட அனுபவம்' என்று அதில் ஒரு வரி.

"எந்த உயிரினம்டீ?"

"குழந்தைங்க உயிரினம் இல்லையா?"

"இது பொய்."

"பொய் இல்ல. தூரத்துலேர்ந்து பாத்தா உண்மை."

அவன் அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தானே எழுதினான். செருப்புக் கடையில் குழந்தைகளுக்கு ஷூ போட்டுவிட்டேன். பிராணி வளர்த்ததில்லை, அம்மாவுக்கு ஆஸ்துமா. கூட்டுவது, கழுவுவது, தூக்குவது எதற்கும் தயார். ஒரு பூனையின் விரலை அழுத்தியதால் ஒருநாள் வேலை போயிற்று. இனி அழுத்த மாட்டேன். இவ்வளவுதான்.

"இதை அனுப்பினா உன்னைக் கூப்பிட மாட்டாங்க, உன் மேல புகார்தான் குடுப்பாங்க" என்றாள் தங்கை. அம்மா ஓர் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுப்பவள். காகிதத்தை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். ஓரிடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். "வேற திருத்தம் இல்ல" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அந்த விண்ணப்பத்துக்குத்தான் அழைப்பு வந்திருந்தது.

அன்று மாலையே மாமா வந்துவிட்டார். அம்மாவின் தம்பி, கனத்த உடம்பு, கனத்த குரல். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்து கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்.

"ஏன் மாப்ளே, கிடங்குல உனக்கு என்ன குறை? அட்டைப் பெட்டி கடிக்காது, பிராண்டாது. மேல் தட்டுக்கு ஏணி வாங்கணும்னு நெனச்சிட்டிருந்தேன். நீ வரேன்னதும் அந்தச் செலவும் மிச்சம்."

"நாளைக்கு ஒரு நாள்தானே மாமா. சரியா வரலன்னா திங்கக்கிழமை ஏணி வந்து நிக்கும்."

"அது சரி. அக்கா மூச்சு?" என்றார் மாமா, குரலைத் தணித்து.

அதுவரை துள்ளிக்கொண்டிருந்தவன் அடங்கினான். அதைத்தான் அவனும் ராப்பகலாக நினைத்துக்கொண்டிருந்தான். குளிக்க இடம் கேட்டதும் அதற்காகவே.

அம்மா உள்ளே இருந்தபடியே பதில் சொன்னாள். "என் மூச்சை வெச்சு யாரும் முடிவு பண்ண வேணாம். அங்கேயே குளிச்சிட்டு வேற துணி போட்டுக்கிட்டு வரட்டும். அழுக்குத் துணியைப் பையில கட்டிப் பின்வாசல்ல வைக்கட்டும். கொடி கட்டியாச்சு."

ஒட்டகம் எட்டிப் பார்த்தான். பின்வாசலுக்கு வெளியே, குழாயடிக்கு மேலே, புதிதாக ஒரு கொடி கட்டியிருந்தது. அம்மா கைக்கு எட்டாத உயரத்தில், அவனுக்கு மட்டும் எட்டும்படியாக. நாற்காலி போட்டு ஏறிக் கட்டியிருக்கிறாள். கொடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தான்.

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றான். கம்பவுண்டர் வந்து அவனைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். குட்டையான, கட்டுமஸ்தான ஆள். இரண்டு முன்கைகளிலும் பழைய கீறல்கள்.

"பூனை விரலை அழுத்தினது நீங்கதானா? டாக்டரம்மா அதைப் படிச்சிட்டுச் சிரிச்சாங்க. அவங்க சிரிச்சு நான் பாத்ததே இல்ல" என்றார். பிறகு கைகளை நீட்டிக் காட்டினார். "இது போன மழைக்காலம். இது கிளி. கிளின்னு லேசா நெனைக்காதீங்க தலைவா. இந்த ரெண்டும் ஒரே பூனை, வேற வேற மனஸ்தாபம்."

டாக்டரம்மா நரைத்த கிராப்பும் சுருக்கமான பேச்சுமாக இருந்தாள். "கூண்டு கழுவணும், துணி துவைக்கணும், தண்ணி மாத்தணும். அதைப் பாருங்க. மத்தது அப்புறம்" என்றதோடு சரி.

ஆரம்பமே சரியில்லை. சோதனை மேசைக்கு மேலே தொங்கிய விளக்கில் தலை மோதி, விளக்கு ஊஞ்சலாடியது. கூண்டுகள் இருந்த அறைக்குள் அவன் நுழைந்தால் எல்லா நாய்களும் ஒருசேரக் குரைத்தன. வெளியே வந்தால் நின்றுவிட்டன. மறுபடி நுழைந்தான், மறுபடி குரைத்தன. கம்பவுண்டர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். "அதுங்க மரம் நடந்து வருதுன்னு நெனைக்குது" என்றார்.

ஒட்டகம் யோசித்தான். மூலையில் வாளி வைக்கும் குட்டை முக்காலி ஒன்று இருந்தது. அதைக் காலால் தள்ளிக்கொண்டே, உட்கார்ந்தபடியே கூண்டு கூண்டாக நகர்ந்தான். குரைப்பு முனகலாகி, முனகலும் ஓய்ந்தது. முக்காலியில் உட்கார்ந்ததும் அவனுக்கும் உடம்பில் ஒரு நிதானம் வந்தது. அது அவனுக்குத் தெரிந்த உயரம். ஒவ்வொரு கூண்டாகக் கழுவினான். ஈரத் துண்டுகளைப் பிழிந்தான். ஒரு முயல் அவன் சட்டைப் பொத்தானைத் தின்றுவிட்டது. அவன் முகத்தில் வழிந்த சந்தோஷத்தைப் பார்த்தால், சம்பளத்தை இவன்தான் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறானோ என்று தோன்றியிருக்கும்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு தையல்காரர் தன் நாயோடு வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. நாய் பெரியது, பழுப்பு நிறம், வயதானது. பெயர் துரை. பெயருக்கு ஏற்றபடி யாரும் தன் பாதத்தைத் தொட அனுமதிக்காத துரை. நகம் எல்லாம் வளர்ந்து வளைந்து, பின்னங்காலில் ஒன்று உள்ளங்கால் சதையில் குத்தத் தொடங்கியிருந்தது.

"மூணு தடவை வந்து திரும்பிப் போயாச்சு" என்றார் கம்பவுண்டர், ஒட்டகத்தின் காதருகே, அதாவது முழங்கையருகே. "அமுக்கிப் பிடிச்சா மூச்சு வாங்குது. மயக்க ஊசியும் போட முடியாது, இதயம் பலவீனம்."

டாக்டரம்மா நாயைப் பார்த்தாள். பிறகு ஒட்டகத்தைப் பார்த்தாள். "கடையில காலை உதைக்கிற குழந்தைங்களை என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேங்க. உதைச்சு முடிக்கட்டும்னு விட்டுடுவேன்."

"அதையே பண்ணுங்க. நகத்தை இவர் வெட்டுவார். உங்க வேலை கால் மட்டும்தான்."

நாயின் வாய்க்கு வலைக்கூடு மாட்டினார்கள். ஒட்டகத்துக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயத்தாலா ஆனந்தத்தாலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. தரையில் உட்கார்ந்தான். நாயை நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டான். முகத்தை உற்றுப் பார்த்தால் எந்தக் குழந்தையும் காலைத் தராது. உள்ளங்கையைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த குடல்புழு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பவுண்டர் நகவெட்டியைத் திறந்து திறந்து மூடினார்.

துரை கையை மோந்து பார்த்தது. ஒட்டகம் அதன் தோளில் கை வைத்தான். அங்கிருந்து மெதுவாகக் கீழே வழித்துக்கொண்டு வந்தான். முழங்கால் தாண்டியதும் துரை காலை வெடுக்கென்று இழுத்தது. உடனே விட்டுவிட்டான். மறுபடி தோளிலிருந்து. மறுபடி இழுத்தது. மறுபடி விட்டான்.

"எல்லாத் தடவையும் விட்டுடறீங்களே" என்றார் தையல்காரர்.

"குடுத்த கால் திரும்பக் கெடைக்குமாங்கிறதுதான் பயமே. கெடைக்கும்னு தெரிஞ்சா குடுப்பாங்க."

சொன்னபடியே, சில முறை விட்ட பிறகு கால் அவன் கையில் கனமாக, சூடாக வந்து உட்கார்ந்தது. அந்தக் கனத்தில் அவன் தன்னை மறந்துவிட்டான். வாய் பழைய பாட்டைத் தானாகவே ஆரம்பித்தது: "சார், எந்தக் கலர் பாக்கறீங்க? கறுப்பா? சிவப்புல புதுசு வந்திருக்கு, ஓடினா லைட் எரியும்..."

கம்பவுண்டர் குபீரென்று சிரித்துவிட்டார். துரை காலை இழுத்துக்கொண்டது. டாக்டரம்மா கம்பவுண்டரை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி தோளிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

இந்தமுறை வெட்டும் சத்தம் கேட்டது. ஒன்று. இன்னொன்று. ஒட்டகம் விடாமல் கலர் சொல்லிக்கொண்டிருந்தான். இடையில் அந்தக் கட்டைவிரல் விரல் முனையைத் தேடிப் போவதை உணர்ந்து, சட்டென்று மடக்கிக்கொண்டான். நாயின் நகம் உள்ளே ஒளிந்திருப்பதில்லை என்று இப்போது அவனுக்குத் தெரியும். இருந்தாலும் அந்த விரலை அவன் நம்பத் தயாராக இல்லை. முதல் கால் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதில்தான் சதையில் குத்திய நகம். அதை எடுத்தபோது துரை ஒரு முனகல் முனகியதே தவிர, காலை இழுக்கவில்லை. ஒட்டகத்தின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கலர் எல்லாம் தீர்ந்துபோய், பார்த்த கலரையே திரும்பக் காட்டிக்கொண்டிருந்தான்.

நாலாவது காலுக்குக் கை போனதும் துரை அந்தக் காலை மடக்கி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டது.

காத்திருந்தான். தோளிலிருந்து ஆரம்பித்தான். துரை சுவரைப் பார்த்தது. மறுபடி ஆரம்பித்தான். துரைக்கு மூச்சு லேசாக இரைக்கத் தொடங்கியது.

"ஒரு கால்தானே தம்பி" என்றார் தையல்காரர். "நான் தலையை இறுக்கிப் பிடிச்சுக்கறேன். நீங்க ஒரே இழு இழுத்துடுங்க. முடிஞ்சுரும்."

முடிந்துவிடும்தான். ஒட்டகத்துக்கும் அது தெரியும். செருப்புக் கடையில் ஒரு காலுக்கு மட்டும் ஷூ போட்டு அனுப்பிய கதை கிடையாது. பாதி வியாபாரம் வியாபாரமே இல்லை. நாலு காலையும் முடித்துக் காட்டினால் இந்த வேலை. முடிக்காவிட்டால் திங்கட்கிழமை அட்டைப் பெட்டி. அவன் கை நீளமான கை. நினைத்தால் எட்டிப் பிடித்துவிடலாம். கை பாதி தூரம் போகவும் செய்தது.

பிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"வேணாங்க" என்றான். "இப்ப இழுத்தா இந்த மூணு காலையும்கூட இனிமே தராது."

அவன் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. வலைக்கூட்டைக் கழற்றினார்கள். துரை எழுந்து உடம்பை உதறிக்கொண்டு, வேண்டா விருந்தாளியைப் பார்ப்பதுபோல அவனை ஒரு பார்வை பார்த்தது. நாலாவது காலின் நகங்கள் மட்டும் தரையில் தனியாகச் சத்தமிட்டன.

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே தையல்காரரிடம் சொன்னாள்: "குத்தின நகம் எடுத்தாச்சு. மிச்சம் திங்கக்கிழமை. காலையில கூட்டிட்டு வாங்க." துண்டில் கையைத் துடைத்தாள். "அப்படியே இவருக்கு ஒரு அளவு எடுத்துக்கங்க. இங்க இருக்கற சட்டை எதுவும் இவருக்குத் தொப்புளுக்குக் கீழ வராது."

தையல்காரர் நாடாவை உருவினார். ஒட்டகம் புரியாமல் நின்றான். "எனக்கு எதுக்குங்க சட்டை?"

கம்பவுண்டர் தலையில் அடித்துக்கொண்டார். "தலைவா, வேலைக்கு எடுக்காத ஆளுக்கு யாராவது சட்டை தைப்பாங்களா?"

ஒட்டகத்துக்குத் தலைகால் புரியவில்லை. தையல்காரர் தோளை அளக்கக் குட்டை முக்காலியில் ஏற வேண்டியதாயிற்று. அவனுக்குச் சிரிப்பு வந்து உடம்பு குலுங்கியதில் அளவு இரண்டு முறை தப்பியது. "மூணு கால்தானேங்க ஆச்சு?" என்று கேட்டான், டாக்டரம்மாவிடம். கேட்டிருக்க வேண்டாம்; ஆனால் அவன் அப்படிப்பட்டவன்.

"எண்ணத் தெரியும்" என்றாள் டாக்டரம்மா. போகிற போக்கில், "விளக்கைப் பாத்து நடங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அவளிடம் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது என்று கம்பவுண்டர் பிற்பாடு சொன்னார். அதுவே அதிகம் என்றும் சொன்னார்.

வெந்நீரில் தலையோடு குளித்துவிட்டு, மாற்றுத் துணி போட்டுக்கொண்டு புறப்பட்டான். தெருவில் நடந்தானா பறந்தானா என்று பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். பேருந்துக்குக்கூட நிற்கவில்லை. பழக்கதோஷத்தில் பின்வாசல் குழாயடியிலேயே நின்றுகொண்டு கத்தினான்.

"அம்மா! சட்டைக்கு அளவு எடுத்துட்டாங்க!"

ஜன்னலில் தங்கையின் முகம் தெரிந்தது. "வேலை கெடைச்சுதா இல்லையா, அதைச் சொல்லு!"

"அதான் சொல்றேன்! சட்டை!"

அம்மா கதவைத் திறந்தாள். "உள்ள வந்து சொல்லேன்டா. குளிச்சாச்சுல்ல?"

"குளிச்சாச்சு. இருந்தாலும் இன்னொரு தடவை கழுவிக்கறேன்" என்று குழாயைத் திறந்தான். பையிலிருந்த துணியை அலசிக் கொடியில் விரித்தான். பொத்தான் இல்லாத சட்டை காற்றில் ஆடியது. அம்மா வாசற்படியில் நின்று மூச்சை ஆழமாக இழுத்து விட்டாள். அவன் குழாயை மூடாமல் அவளையே பார்த்தான். அவள் இன்னொரு முறை இழுத்து விட்டாள். "ஒண்ணும் இல்ல. வா" என்றாள்.

மாமாவுக்குப் போன் போட்டது தங்கை. "மாமா, நீங்க ஏணியே வாங்கிக்கங்க" என்றாள். மறுமுனையில் பெரிய பெருமூச்சு ஒன்றும், அதைத் தொடர்ந்து சிரிப்பும் கேட்டன. "நாய்க்கு நகம் வெட்டறதுக்கு அத்தனை உயரம் எதுக்குன்னு கேளு" என்றார் மாமா.

திங்கட்கிழமை காலை துரை வந்தது. ஒட்டகம் தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்து, எல்லாக் கலரும் சொன்னான். முடிந்துபோன மூன்று கால்களையும் துரை ஒவ்வொன்றாக, தாராளமாக, கேட்காமலே கொடுத்தது. நாலாவதன் மேல் உட்கார்ந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை வரச் சொல்லி அனுப்பினார்கள்.